இருபத்துமூன்று நாட்கள், மூன்று மணி நேரம்

புதுக்கவிதையிலிருந்து 'கடல்' என்ற சொல்லை ஐந்து வருஷத்துக்குத் தடை செய்ய வேண்டும் என்று சென்ற மாதம் நண்பர்கள் கூடியபோது சொன்னேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகைக்கு வருகிற கவிதைகளை முதலில் படித்துத் தள்ளும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கடல் இல்லாத தபால் அபூர்வம். கடல் வந்தால் அடுத்த வரியில் தனிமை வரும். அதற்கடுத்த வரியில் ஒரு படகு வரும், அதில் துடுப்பு இருக்காது. இந்தப் படகில் யாரும் சமைப்பதில்லை. யாருக்கும் வயிற்றுவலி வருவதில்லை. குடிதண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கவிஞர் மெரீனாவில் சுண்டல் பொட்டலத்தோடு நின்று பார்த்த கடல், வீட்டுக்கு வந்ததும் பிரபஞ்சமாகிவிடுகிறது.

ஒரு நண்பர், நல்ல கவிஞர், கேட்டார்: "குடிதண்ணீர்க் கணக்கு கவிதைக்கு எதுக்குய்யா?"

அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்லோகமை மறுபடியும் எடுத்தேன். கீழே வருவது அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். பதிலோடு என் பழைய கணக்கு ஒன்றையும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

1

ஜோஷ்வா ஸ்லோகம் 1844ல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பாய்க்கப்பல் காப்டன். நீராவிக் கப்பல்கள் அவர் தொழிலை ஒழித்துக்கொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர். 1884ல் மனைவி இறந்தாள். 1887ல் பிரேசில் கரையில் சொந்தக் கப்பல் உடைந்து போயிற்று. பிறகு ஒரு நண்பர், வயல்வெளியில் உளுத்துக் கிடந்த பழைய படகொன்றை அவருக்குச் சும்மா கொடுத்தார். அதைப் பலகை பலகையாகப் புதிதாகக் கட்டினார். பதிமூன்று மாத உழைப்பு, 553 டாலர் 62 சென்ட் செலவு. (அந்த 62 சென்ட்டை அவர் விடாமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.) 'ஸ்ப்ரே' என்று பெயர். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். 1895 ஏப்ரல் 24ல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 46,000 மைல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 1898 ஜூன் 27ல் நியூபோர்ட்டில் வந்து சேர்ந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. 1900ல் புத்தகம் வெளிவந்தது.

இதெல்லாம் சாதனை. சாதனைகளைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் பார்த்துக்கொள்ளும். எனக்கு அக்கறை வேறு. ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவில், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத, நிகழ்ச்சி என்று எதுவும் நடக்காத நாட்களை ஒரு மனிதன் எப்படி எழுதுகிறான்? நாவலாசிரியர்கள் தப்பித்துக்கொள்கிற இடம் இது. ஒன்று புயலைக் கொண்டுவருவார்கள், இல்லை நினைவோட்டத்தைக் கொண்டுவருவார்கள்.

1896 மே 5ல் ஸ்லோகம் ஹ்வான் ஃபெர்னாண்டஸ் தீவை விட்டுப் புறப்பட்டார். ஜூலை 16ல் ஸமோவாவில் ஆப்பியா துறைமுகத்தில் நங்கூரம் இறக்கினார். எழுபத்திரண்டு நாள். நாற்பத்திமூன்றாவது நாள் மார்க்கேஸஸ் தீவுகளில் ஒன்றான நூகு ஹீவா கண்ணில் பட்டது, நிற்காமல் போனார். இந்த எழுபத்திரண்டு நாளுக்கு அவர் ஒதுக்கியது சில பக்கங்கள். அதில் இருப்பவை: ராத்திரியில் பாயில் மோதித் தளத்தில் விழுந்த பறக்கும் மீன்கள், அவை காலைப் பலகாரமானது, பிஸ்கட், உருளைக்கிழங்கு, காப்பி, இரவெல்லாம் படிப்பு, ஒரு ராத்திரி, அவர் கீழே இருந்தபோது, ஞாபகமறதிக்காரன் மாதிரி எதிரே வந்து, மோதாமல் தவறி, அவர் மேலே வந்ததும் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போன ஒரு திமிங்கிலம். அவ்வளவுதான்.

இதோடு ஒரு கணக்கு. நேரம் காட்ட அவரிடம் இருந்தது ஒரு தகரக் கடிகாரம் மட்டுமே. ஒன்றரை டாலர் விலை. முகம் உடைந்திருந்ததால் கடைக்காரன் ஒரு டாலருக்குக் கொடுத்தான். குரோனோமீட்டர் இருந்தது, ரிப்பேருக்குப் பதினைந்து டாலர் கேட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிட்டார். ஆகவே தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து அட்டவணைகளோடு மல்லுக்கட்டும் பழைய முறை ஒன்றே வழி. மார்க்கேஸஸை நெருங்கும்போது அளந்து பார்த்தார். விடை, குத்துமதிப்பாகக் கணித்திருந்த இடத்துக்குப் பல நூறு மைல் மேற்கே அவரைக் கொண்டுபோய் வைத்தது. இரண்டாவது அளவையும் அப்படியே வந்தது. இந்த இடத்தில் சாதாரண மனிதன் தன் அளவையைச் சந்தேகிப்பான். அகம்பாவி குத்துமதிப்பையே பிடித்துக்கொள்வான். ஸ்லோகம் அச்சிட்ட அட்டவணையைச் சரிபார்த்தார். அதில் ஒரு பிழை இருந்தது. திருத்திய பின் இரண்டு கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்துப்போயின.

நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கேஷ் டாலி ஆகவில்லையென்றால் எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும்: முதலில் என் கையை, பிறகு என் கூட்டலை, கடைசியில் கம்ப்யூட்டரை. வித்தியாசம் ஐம்பது ரூபாயானாலும், கண்டுபிடித்த கணத்தில் உடம்பில் ஒரு தளர்வு வரும். இந்தப் பக்கத்தைப் படித்தபோது அந்தத் தளர்வு எனக்கு வந்தது. உலகத்தின் ஒழுங்கோடு தன் கணக்கு ஒத்துப்போனதில் ஸ்லோகம் கொண்ட பெருமிதத்தை அவர் மறைக்கவில்லை. இதைவிடச் சுத்தமான தரிசனம் நம் 'தரிசன'க் கவிதைகளில் எத்தனை இருக்கிறது?

2

இனி, தலைப்பில் உள்ள கணக்கு.

1897 ஜூன் 24ல் தர்ஸ்டே தீவிலிருந்து புறப்பட்டு, இந்து மகாசமுத்திரத்தில் கீலிங்-கோகோஸ் தீவுகளுக்கு ஜூலை 17ல் வந்தார். 2,700 மைல், இருபத்துமூன்று நாள். இவ்வளவு நாளிலும் சுக்கானைத் தான் பிடித்திருந்தது மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது என்கிறார். அந்த மூன்று மணியில் துறைமுகத்துக்குள் நுழைந்த நேரமும் சேர்த்தி.

இது எப்படி முடியும் என்று புரிந்துகொள்வது முக்கியம். படகின் அடிப்பாகம் நீளமானது, நேர்வழியை எளிதில் விடாது. பின்னாலிருந்து காற்று வரும்போது பெரிய பாயை விரித்துவிட்டு, முன்பாயை நடுக்கோட்டில் தட்டையாக இழுத்துக் கட்டி, சுக்கானையும் கட்டிவிடுவார். படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்த்தால் முன்பாயில் காற்று பிடித்துத் தலையைப் பழைய திசைக்கே தள்ளும். மந்திரம் இல்லை. ஆனால் இந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்க ஒரு ஆயுள் வேண்டியிருந்தது. கண்டுபிடித்த பிறகு அவன் கையை எடுத்துவிடுகிறான்.

உருவம் என்று நாம் இத்தனை வருஷமாக வாதாடிக்கொண்டிருப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாய்களையெல்லாம் சரியாகக் கட்டிவிட்டால் படைப்பாளி சுக்கானைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. கீழே போய்ப் படிக்கலாம், தூங்கலாம். விழித்துப் பார்க்கும்போது காமிராவுக்குள் வெயில் வந்திருக்கும், காதுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கு அந்தப்புறம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், படகு தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். அப்படி ஒரு காலை அவர் புத்தகத்தில் இருக்கிறது. நம் கவிஞர்களோ ஒவ்வொரு வரியிலும் சுக்கானைப் பிடித்து ஆட்டுகிறார்கள். வாசகனுக்குக் குமட்டுகிறது.

இதே பயணத்தில்தான் தகரக் கடிகாரம் நிமிஷ முள்ளை இழந்தது. கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். பிறகு மணி மட்டும் காட்டியது. நீண்ட வழிக்கு அது போதும் என்று எழுதுகிறார். காலத்தைப் பற்றிய தத்துவ விசாரம் எதுவும் இல்லை. காலம் மணி முள்ளளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது தானாகவே நமக்குள் இறங்குகிறது.

கடைசியில் ஒரு வெள்ளைப் பறவை வந்து படகைச் சுற்றிவிட்டு மேற்கே போனது. கரை பக்கம் என்று தெரிந்தது. பாய்மரத்தில் பாதி ஏறிப் பார்த்தார். தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்பது போலத் தென்னைமரங்கள். எதிர்பார்த்ததுதான், கணக்குப்படி அங்கேதான் இருக்க வேண்டும். இருந்தும் உடம்பு நடுங்க இறங்கி வந்து, தளத்தில் உட்கார்ந்து, உணர்ச்சிக்குத் தன்னை விட்டுக்கொடுத்துவிட்டார். கரையில் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பலவீனமாகத் தோன்றலாம் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்.

புத்தகம் முழுவதிலும் இவ்வளவு நெகிழ்ந்த இடம் வேறில்லை என்பது என் கருத்து. நெகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? இருபத்துமூன்று நாள் பறக்கும் மீனையும் கடிகாரத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டு வந்ததிலிருந்து வந்தது. அழுகைக்கு அவர் செலுத்திய முன்பணம் அது. முதல் வரியிலேயே அழுகிறவன் ஓவர்டிராஃப்டில் வாழ்கிறான்.

3

தனிமைக்கு வருகிறேன்.

அட்லாண்டிக்கில் மூடுபனிக்குள் போன ஆரம்ப நாட்களில் ஸ்லோகமைத் தனிமை தின்றது. பேசாமலே இருந்தால் குரல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே இல்லாத மாலுமிக்கு உரக்க உத்தரவு போட்டார். பதில் வராதபோது நிலைமை இன்னும் உறைத்தது. பாட ஆரம்பித்தார். சகிக்க முடியாத குரல் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவ்வளவுதான் அவருடைய தனிமை. அது செய்துபார்த்த காரியங்களின் பட்டியலாக இருக்கிறது.

அஸோர்ஸ் தீவுகளில் ஃபாயாலை விட்டுக் கிளம்பியபின், கொலம்பஸின் 'பின்டா' கப்பலின் மாலுமி அவர் படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ராத்திரி முழுவதும் புயலில் படகைச் செலுத்துகிறான். இதை மாய யதார்த்தம் என்று இன்று ஒரு கட்டுரை எழுதலாம். ஸ்லோகம் காரணத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்: தீவில் கொடுத்த பிளம் பழத்தையும் வெள்ளைப் பாலாடைக் கட்டியையும் சேர்த்துத் தின்று, வயிற்றுவலியில் சுருண்டு, அறைத் தரையில் நினைவு தப்பிக் கிடந்தார். நம்மவர்கள் மாலுமியை வைத்துக்கொண்டு பாலாடைக் கட்டியை மறைத்துவிடுவார்கள். ஸ்லோகம் இரண்டையும் வைக்கிறார். மாலுமியின் மர்மம் இதனால் ஒரு இம்மியும் குறையவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

குறையும் உண்டு. ஸமோவாவில் ஓடத்தில் வந்த மூன்று பெண்கள், தனியாகவா வந்தாய் என்று கேட்டு, ஆம் என்றதும், நம்ப மாட்டோம், கூட இருந்தவர்களை நீ தின்றுவிட்டாய் என்கிறார்கள். இதை நகைச்சுவையாக எழுதத் தெரிந்த மனிதர், தியெரா தெல் ஃபுவேகோவில் எதிர்ப்பட்டவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று முடித்துவிடுகிறார். அவர்கள் ராத்திரி ஏறி வராமலிருக்கத் தளத்தில் ஆணிகளைப் பரப்பி, மிதித்தவர்கள் அலறியதை வேடிக்கையாகச் சொல்கிறார். வந்தேறிகளின் துப்பாக்கியாலும் நோயாலும் அந்த ஜனங்கள் அழிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. 62 சென்ட்டை விடாத கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. அந்த ஓடப் பெண்களின் சந்தேகம் அவர்கள் நினைத்ததைவிட ஆழமானது.

4

இப்போது என் கணக்கு.

1968ல் லண்டன் பத்திரிகையொன்று, நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ஒருவர்தான்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 'ஸுஹைலி' 32 அடி. பம்பாயில் கட்டிய தேக்கு மரப் படகு. 1969 ஏப்ரல் 22ல் வந்து சேர்ந்தார். ஆனால் இலக்கியவாதிகள் பேசுவது மற்ற இருவரைப் பற்றி.

பெர்னார் முவாத்தெஸியே, ஹனாயில் பிறந்த பிரெஞ்சுக்காரர். அவர் படகின் பெயர் 'ஜோஷ்வா', ஸ்லோகமின் நினைவாக. ஜெயித்துவிடுவார் என்ற நிலையில், கேப் டவுன் அருகே ஒரு கப்பலின் தளத்துக்கு உண்டிவில்லால் செய்தியை எறிந்தார்: போட்டியிலிருந்து விலகுகிறேன், பசிபிக்குக்கே போகிறேன். 1969 ஜூனில் தாஹித்தியில் இறங்கினார். 1971ல் அவர் புத்தகம் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு கட்டுரை எழுதினேன். இந்த விலகலே கலையின் இறுதிப் படி, பரிசையும் வீட்டையும் உதறுகிறவனே படைப்பாளி என்று அதில் தீர்ப்பு வழங்கியிருந்தேன். எழுதியது வங்கியின் மத்தியான இடைவேளையில், சம்பளம் வந்த வாரத்தில். நம் வட்டத்தில் ஒரு நண்பன் அதைப் பலமுறை படித்ததாகச் சொன்னான். அடுத்த வருஷம் வேலையை விட்டான். என் கட்டுரையால்தான் விட்டான் என்று சொல்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பெருமை. ஆனால் அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, அவன் மனைவி வளையல்களோடு நகைக்கடன் கவுண்டருக்கு வந்தபோது டோக்கன் கொடுத்தவன் நான். "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் முவாத்தெஸியேயை மறுபடி படித்தேன். நல்ல புத்தகம், இப்போதும் சொல்வேன். நியூஸிலாந்துக்குத் தெற்கே நூற்றுக்கணக்கில் வந்த கடற்பன்றிகள் திரும்பத் திரும்ப வலப்பக்கமாகவே திரும்பியதைப் பார்த்து, காற்று மாறிப் படகு பாறைகளை நோக்கிப் போவதை அவர் உணர்ந்த பக்கம் மறக்க முடியாதது. ஆனால் அந்த உண்டிவில் செய்திக்கு மறுமுனையில் பிரான்சில் ஒரு மனைவி இருந்தாள். என் கட்டுரையில் அவள் இல்லை. தரிசனம் என்ற சொல்லை நான் எழுதிய இடமெல்லாம் அவள் இருந்திருக்க வேண்டிய இடம்.

மற்றவர் டொனால்ட் க்ரௌஹர்ஸ்ட். 1968 அக்டோபர் 31ல், வேலை முடியாத படகில், கடனை அடைக்கப் பரிசை நம்பிக் கிளம்பினார். தென்சமுத்திரத்தை இந்தப் படகு தாங்காது என்று சீக்கிரமே தெரிந்தது. திரும்பினால் திவால். ஆகவே தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு ரேடியோவில் பொய்யான இடங்களைச் சொன்னார். பொய்ப் பதிவேட்டுக்காக, போகாத இடத்திலிருந்து சூரியன் எந்தக் கோணத்தில் தெரிந்திருக்கும் என்று தலைகீழாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. உண்மைக் கணக்கைவிட இது கடினம். கடைசியாக வந்தால் யாரும் பதிவேட்டைத் துருவ மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. முன்னால் போனவரின் படகு மே மாதம் மூழ்கியது. வேகத்துக்கான 5,000 பவுன் பரிசு இவர் தலையில் விழ இருந்தது, துருவுவார்கள். கடைசி நாட்களில் பிரபஞ்சம், கடவுள், காலம் என்று இருபத்தையாயிரம் சொற்கள் எழுதினார். கடைசிக் குறிப்பு 1969 ஜூலை 1. ஜூலை 10ல் ஆளில்லாத படகு கிடைத்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன் 5,000 பவுனையும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

வங்கியில் இரண்டு பேரேடு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்களாக ஆரம்பிப்பதில்லை; ஒரு நாள் டாலி ஆகாததை மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கலவரப்படுத்துவது வேறு. குடிதண்ணீரும் மைல் கணக்கும் பொய்யான பிறகுதான் அந்த மனிதரிடமிருந்து பிரபஞ்சம் பொங்கி வந்தது. நம் பத்திரிகைக்கு வரும் கவிதைகளின் பிரபஞ்சம் எங்கிருந்து வருகிறது?

5

கீலிங்-கோகோஸ் தீவுகளின் பெயர் பிறகு தமிழர் கதையிலும் வருகிறது. 2012ல் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகள் பல அங்கே போய்ச் சேர்ந்தன. தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து ஒரு படகு கிளம்பியது. 157 பேர், குழந்தைகளோடு, இலங்கைத் தமிழர்கள். கிறிஸ்துமஸ் தீவருகே ஆஸ்திரேலிய அதிகாரிகள் மறித்தார்கள். தங்கள் கப்பலில் ஏற்றி, கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே அடைத்து வைத்து, கோகோஸ் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் அங்கிருந்து நவ்ருவுக்கும் அனுப்பினார்கள். அப்படிக் கடலில் வைத்திருந்தது சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது.

ஸ்லோகம் தென்னைமரங்களைக் கண்டு உட்கார்ந்து அழுத அதே தீவு. அந்த 157 பேரில் யாருக்கு எது தெரிந்தது, எத்தனையாவது நாள் தண்ணீரை அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள், குழந்தைக்குக் கூடுதலாக ஒரு மடக்கு உண்டா என்று தீர்மானித்தது யார்? நீதிமன்றத்தின் தாளில் இவை வராது; வர வேண்டியதும் இல்லை. இவை வர வேண்டிய இடம் வேறு. இந்தப் பத்திரிகைக்கு வந்து நான் படித்த கடல் கவிதைகளில் ஒன்றுகூட அந்தப் படகைப் பற்றியதல்ல. கடலின் பேரில் இத்தனை காகிதம் செலவழித்த நமக்கு, கடலுக்குள் நம் மொழி பேசிக்கொண்டு போனவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தனியாக இருந்தால்தான் தனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

நண்பருக்குப் பதில் இதுதான். குடிதண்ணீர்க் கணக்கு கவிதையில் அப்படியே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்லோகம்கூட எல்லா நாளும் அதைச் சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து சொல்லாமல் விட்டால் வரிகளுக்கடியில் கனம் இருக்கும். தெரியாமல் விட்டால் காற்றுத்தான் இருக்கும்.

என் ஐந்து வருஷத் தடையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடல் கவிதைகளை அனுப்பலாம். ஒரு நிபந்தனை: படித்துவிட்டுத் திருப்பிக் கேட்பேன், படகில் எத்தனை பேர், தண்ணீர் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று. பதில் கவிதையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தபாலட்டையில் எழுதத் தெரிந்தால் போதும்.